பஞ்சாலை அக்காவின் ‘ஹேவ் டு’

பஞ்சாலை என்று பெயர் வைத்த அக்காவை அந்த நாளுக்கு முன்னால் எனக்குத் தெரியாது. நான் கோலாலம்பூருக்குத் தெற்கே பாரோயில் இருப்பவள். தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்துவரவில்லை. அதனால் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறேன். ஒரு நாள் கோர்ட், ஒரு நாள் ஆஸ்பத்திரி, ஒரு நாள் தோட்டம். என் பெயர் ரோகினி என்பதே பலருக்குத் தெரியாது. நான் பாடம் நடத்தாத ஆட்கள்கூட ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வந்த வேலை லாபு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; அது போர்டில் மட்டும்தான் இருக்கிறது. நுழைவாயிலில் இரண்டு ஜாம்பு மரங்கள் நிற்பதால் ஊருக்கெல்லாம் அது ஜாம்பு தோட்டம். அந்தத் தோட்டத்து எண்ணெயை வெளிநாட்டுக்காரன் வாங்க வேண்டுமென்றால், அங்கே யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கவில்லை என்று ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அப்படி வருடா வருடம் வருகிற ஆடிட்டர், தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். மேனேஜரும் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியும் அந்த அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. அதற்குத்தான் நான்.

அக்காவைப் பற்றி நான் இங்கே சொல்வதில் பாதி அவர் வாயால் கேட்டது. மீதி, தோட்டத்து முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சித்திக் சொன்னது. சித்திக் சொன்னதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

அக்கா நர்சரி மண்டோர், அதாவது மேற்பார்வை பார்க்கிறவர். நர்சரி என்றால் பள்ளிக்கூடமில்லை. செம்பனைக் கன்றுகளை வளர்க்கிற இடம். கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நிற்கும். ஒரு வயது ஆனதும் லோரியில் ஏறிப் போய்விடும். அடுத்த கூட்டம் வந்து நிற்கும். அக்காவுக்கு அவை ‘பிள்ளைங்க’. தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டு, நேரம் வைத்துத் தானாகத் திறக்கிற மெஷினும் கம்பெனி வாங்கிக் கொடுத்திருக்கிறது. அக்கா அந்த மெஷினை நம்பவில்லை. ‘அதுக்கு வெயிலு தெரியுமா, மழை தெரியுமா?’ என்று கேட்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் மோட்டோர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போய்விடுவார். போக வேண்டாமென்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். பெடாஸில் கட்டிக்கொடுத்த மகள் ஷாமினி சொல்லிப் பார்த்தாள். புருஷன் போன பிறகு தனியாக எதற்கு இருக்கிறாய், எங்களோடு வந்துவிடு என்று அவள் மாதத்துக்கு ஒரு தடவை காரோடு வருவாள். அக்கா அவளுக்குச் சோறு போட்டு அதே காரில் அனுப்பிவிடுவார்.

அக்கா வாயைத் திறந்தால் ‘ணும்’தான். தண்ணி விடணும், களை புடுங்கணும், நெழலு கட்டணும், நீ ஒழுங்கா நிக்கணும், நான் போவணும். நம்மவர்களுக்கு இந்த ‘ணும்’ ஒரு பெரிய வசதி. ‘சாப்பிடணும்’ என்றால் பசிக்கிறது என்றும் அர்த்தம். மருந்து விழுங்கியாகிவிட்டது, வேறு வழியில்லை என்றும் அர்த்தம். ‘ஊருக்குப் போகணும்’ என்கிறவர் ஆசையில் சொல்கிறாரா, அங்கே சாவு விழுந்துவிட்டதா என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். வெள்ளைக்காரன் அப்படியில்லை. ஆசைக்கு ‘வாண்ட்’ என்று ஒரு டப்பா, கட்டாயத்துக்கு ‘ஹேவ் டு’ என்று இன்னொரு டப்பா. மூடி மாறிவிட்டால் கதை கந்தல். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. கக்கூசுக்குப் போக அனுமதி கேட்கும்போது மட்டும் எந்தப் பிள்ளையும் தப்பு விட்டதில்லை. அதில் ஆசையும் கட்டாயமும் ஒன்றுதான்.

அக்கா ஆங்கிலம் படிக்கக் காரணம் கிராணி சுகுமாறன். முந்தின வருடம் பெரிய ஆபீசிலிருந்து யாரோ வந்து நர்சரியைச் சுற்றிப் பார்த்தார்களாம். அக்கா கன்றுக்கு என்ன நோய் வருகிறது, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, மெஷின் எப்படி ஏமாற்றுகிறது என்று மூச்சு விடாமல் பேசியிருக்கிறார். பக்கத்தில் நின்ற சுகுமாறன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வந்தவரிடம் ‘ஷி சே ஓகே’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

“நான் அவ்ளோ பேசினது ஓகேவாடா?” என்று அக்கா கேட்டதற்கு, “அவங்களுக்கு ஃப்ளைட் பிடிக்கணும்க்கா,” என்றானாம்.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டு, இனி எனக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்று அக்கா கைப்பேசியில் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தார். ஒரு பெண் குரல் தமிழில் ஒன்று சொல்லும், ஆங்கிலத்தில் ஒன்று சொல்லும். ‘செய்யணும்: ஹேவ் டு டூ. போகணும்: ஹேவ் டு கோ.’ யார் வீட்டுப் பெண்ணோ தெரியாது. என்னிடம் படித்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். அக்காவுக்கு அந்தக் குரல் வேதவாக்காகிவிட்டது. தன் வாழ்க்கையில் இருக்கிற அத்தனை ‘ணும்’மையும் எடுத்து அந்த ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

சித்திக் கடையில்தான் முதல் பிரயோகம். அக்கா தினமும் சாயங்காலம் அங்கே டீ குடிக்கப் போய், ‘தம்பி, எனக்கு ஒரு தே தாரிக்’ என்பார். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, “ஐ ஹேவ் டு டிரிங்க் தே தாரிக்,” என்றாராம்.

“ஏன்க்கா, டாக்டர் குடிக்கச் சொல்லிட்டாரா?” என்று சித்திக் கேட்டான். அவன் கொஞ்ச நாள் கோலாலம்பூர் ஹோட்டலில் வேலை பார்த்தவன். “கடையில வந்து கேக்குறதுக்கு வாண்ட்டுன்னு சொல்லணும்க்கா.”

அக்கா அதையும் கற்றுக்கொண்டார். ஆனால் தன் போக்கில் கற்றுக்கொண்டார். வாண்ட் என்பது டீக்கு, ரொட்டிக்கு. ஹேவ் டு என்பது மற்ற எல்லாவற்றுக்கும்.

இதெல்லாம் தமாஷாகவே போயிருக்கும். ஆனால் அக்காவுக்கு அறுபது முடியப் போகிற நேரம் அது. அறுபதானால் வேலை ஓய்வு. வேலை ஓய்வானால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். நர்சரிக்கு இன்னொரு மண்டோர் வந்துவிடுவார். மேனேஜர் சத்தியசீலன் நல்ல மனிதர்தான். கொஞ்சம் பயந்த சுபாவம். “ஆடிட் நல்லபடியா முடியட்டும்லாக்கா. உங்களுக்கு கொன்டிரேக்ல ரெண்டு வருஷம் கேட்டு பெரிய ஆபீசுக்கு எழுதறேன்,” என்று சொல்லியிருந்தார். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆடிட்டரிடம் தானே நன்றாகப் பேசிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துத்தான் அந்தக் குரலோடு இத்தனை மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

ஆடிட்டர் மரிக்கே என்று ஒரு ஹாலந்துக்காரப் பெண். வெயிலில் மூக்கு சிவந்துபோயிருந்தது. யாரையும் அவசரப்படுத்தாமல் கேட்கிற நல்ல பெண். பஞ்சாலை அக்கா உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட பஜு சட்டை, தலை நிறைய எண்ணெய், கையில் கைப்பேசி. நான் தமிழில் வணக்கம் சொல்லி, இந்தம்மா கேட்பதை நான் தமிழில் சொல்வேன் என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“நோ நீட் டீச்சர். ஐ ஹேவ் டு டாக் மைசெல்ஃப்.”

மரிக்கே புன்னகைத்து என் பக்கம் திரும்பி, தொழிலாளி தானே பேச விரும்பினால் நான் குறுக்கே வரக் கூடாது, அதுதான் விதி என்றாள். எனக்கும் தெரிந்த விதிதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் ஆங்கில டீச்சருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறீர்களா என்று மரிக்கே கேட்டாள்.

“யெஸ்!” என்றார் அக்கா, பளிச்சென்று. “சண்டே ஐ ஹேவ் டு கம்.”

மரிக்கேயின் பேனா அசைந்தது. மேனேஜர் வரச் சொல்கிறாரா என்றாள்.

“நோ, நோ. மேனேஜர் சே டோன்ட் கம். மேனேஜர் ஸ்கோல்ட். பட் ஐ ஹேவ் டு கம்.”

நான் இருமினேன். மரிக்கே எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, வராவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

அக்கா முகம் வாடியது. “இஃப் ஐ நோ கம், மை சில்ட்ரன் டை.”

மரிக்கேக்கு மூக்கைத் தவிர மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரியும் என்றார் அக்கா. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

“ட்வெல்வ் தவுசண்ட்.”

மரிக்கே பேனாவைக் கீழே வைத்தாள். பாவம், என்னைப் பார்த்தாள். நான் விதியைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நர்சரியைக் காட்டினேன். அது பேச்சில் சேராது. மரிக்கே எட்டிப் பார்த்தாள், கன்றுகளைக் கண்டாள், புரிந்துகொண்டாள், சிரித்தாள். பிள்ளைகள் விவகாரம் அதோடு தீர்ந்தது. ஹேவ் டு தீரவில்லை.

அறுபது வயதுக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்றாள்.

“ஐ ஹேவ் டு வொர்க்.” அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “சிக்ஸ்டி ஃபினிஷ், ஸ்டில் ஐ ஹேவ் டு வொர்க். ஐ ஹேவ் டு வொர்க் அன்டில் டை.”

வீடு?

“டாட்டர் கம் வித் கார், கால் மீ. ஐ கேன்னாட் கோ. ஐ ஹேவ் டு ஸ்டே ஹியர்.”

நான் விரல் விட்டு எண்ணினேன். ஓய்வு நாளில் வேலை, வயது முடிந்தும் வேலை, மகள் வந்து கூப்பிட்டாலும் வெளியே போக முடியாத நிலை. அடிமைத்தனத்துக்கு என்னென்ன அடையாளம் உண்டோ, அத்தனையையும் அக்கா இஸ்திரி போட்ட பஜுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அதுவும் என்ன மலர்ச்சியோடு! கடைசியில் எழுந்து மரிக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘யூ ஹேவ் டு கம் அகெய்ன்’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சாப்பாட்டு நேரத்தில் மரிக்கே மேனேஜரிடம் தான் கேட்டதைச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியாது. சத்தியசீலன் முகத்தில் ஈயாடவில்லை.

“நானா? நானா போர்ஸ் பண்ணேன்? சண்டே வராதீங்கன்னு நான் கெஞ்சறேன் டீச்சர்!” என்று என்னிடம் புலம்பினார். அப்புறம் பயம் வந்துவிட்டது. “சரி. இனிமே பிரச்சினையே வேணாம். அறுபது முடியற அன்னிக்கே அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். வீட்டை எடுத்துக்குவோம், மகள் வீட்டுக்குப் போகட்டும். சண்டே நர்சரிக்குப் பூட்டு. யாரையும் கட்டாயப்படுத்தலன்னு காட்டணும்னா வேற வழி இல்ல.”

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. கட்டாயப்படுத்தவில்லை என்று நிரூபிக்க ஒரு மனுஷியைக் கட்டாயப்படுத்தி வெளியே அனுப்புவதாம்! மரிக்கேயிடம் போனேன். இது மொழியில் வந்த கோளாறு, எங்கள் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். உங்கள் அபிப்பிராயத்தை நான் எழுத முடியாது, அவரையே மறுபடி கூப்பிடுவோம், இந்தத் தடவை தமிழில் கேளுங்கள் என்றாள்.

அக்கா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார்.

“எப்பிடி டீச்சர் என் இங்கிலீஷ்?”

எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“நான் வேலை செய்யணும்னுதானே டீச்சர் சொன்னேன்?”

“ஆமாக்கா. அதான் பிரச்சினை.”

அக்கா கைப்பேசியை ஒரு தடவை பார்த்தார். “இந்தப் பொம்பள அப்டித்தானே சொல்லிக் குடுத்தா,” என்றார். அப்புறம் அதைத் திருப்பிப் படியில் கவிழ்த்து வைத்தார். வீட்டை விடணுமா என்று கேட்டார். இந்தத் தடவை அந்த ‘ணும்’ எந்த டப்பா என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மறுபடி உள்ளே போனோம். தமிழ் என் தாய்மொழி, இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று தைரியமாக உட்கார்ந்தேன். வேலை செய்வது இவருடைய விருப்பமா, கட்டாயமா என்று கேளுங்கள் என்றாள் மரிக்கே.

“அக்கா, அறுபதுக்கு மேலயும் நீங்க வேலை செய்யணுமா?” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“செய்யணும் டீச்சர்.”

“அதில்லக்கா. கட்டாயமா செய்யணுமா?”

“கட்டாயமா செய்யணும்!” என்றார் அக்கா. ‘கட்டாயம் கல்யாணத்துக்கு வந்துடுங்க’ என்று சொல்வோமே, அந்தக் கட்டாயம். என்னை ஒரு பச்சைப் பிள்ளையைப் போல மரிக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கேள்விக்கு இவ்வளவு நேரமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

வேறு வழியாகப் போனேன். “ஆசையா வேலை செய்யுறீங்களான்னு கேக்குறாங்க.”

“ஆசையா?” அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேலைய யாராச்சும் ஆசைக்குச் செய்வாங்களா? இது என்ன துணிக்கடையில பாத்து எடுக்குற சீலையா?”

அக்கா என்ன சொல்கிறார் என்று மரிக்கே கேட்டாள். சொல்கிறேன், இரு என்றேன். கடைசியாக, இதைவிட எளிமையாகக் கேட்க முடியாது என்று நினைத்துக் கேட்டேன்.

“அக்கா. மேனேஜரை விடுங்க. பிள்ளைங்களை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கா?” அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் சிரிப்போமே, அப்படி. “எனக்கு ஒன்னும் வேணாம் டீச்சர்.”

அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். அதுதான் என் வேலை. தனக்கு எதுவும் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். மரிக்கே எழுதிக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்குத் தலையைக் கொண்டுபோய் மேஜையில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

விதி கிடக்கட்டும் என்று நான் மொழிபெயர்ப்பாளரை ஒரு நிமிடம் ஓரமாக வைத்தேன். “ஏன்க்கா இப்டிப் பண்றீங்க? ஆசையா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க!”

அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

“சொல்லக் கூடாது டீச்சர். சின்ன வயசுல சொல்லி இருக்கேன். எனக்குப் படிக்க ஆசையா இருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். ஆசைதானே, விட்டுடுன்னாரு. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டணும்னாரு, வெட்டினேன். தையல் படிக்க ஆசைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ஆசைதானே, அப்பறம் பாத்துக்கலாம்னாரு. நல்ல மனுஷன்தான். அப்பறம்தான் எனக்குப் புரிஞ்சிச்சு. ஆசைன்னு சொன்னா, விட்டுடுன்னு சொல்லிடுவாங்க. செய்யணும்னு சொன்னாதான் யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க. இந்தப் பிள்ளைங்களாச்சும் எனக்கு இருக்கட்டும்னுதான் நான் இத்தனை வருஷமா செய்யணும், செய்யணும்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆசைன்னு சொல்லிட்டா ஷாமினி அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுவா டீச்சர்.”

இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மரிக்கே கேட்டு முடித்துவிட்டு, முன்பு எழுதிய பக்கத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

ரிப்போர்ட்டில் குற்றம் எதுவும் இல்லை. அக்காவுக்குக் கொன்டிரேக்கில் இரண்டு வருடம் கிடைத்தது, வீடும் இருந்தது. மரிக்கே ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தாள்: ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை என்று நர்சரி கேட்டில் அறிவிப்பு வைக்க வேண்டும். நானும் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருக்கும்போது அக்காவின் போன் வந்தது. “டீச்சர், என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க. புது போர்டு போட்டு, கேட்டைப் பூட்டிட்டாங்க. கிராணிதான் சாவி வெச்சிருக்கான்.”

அடுப்பை அணைத்துவிட்டு காரை எடுத்தேன். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். “ஐ ஹேவ் டு கோ,” என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

நர்சரிக்கு முன்னால் அக்கா மோட்டோர் மேல் உட்கார்ந்து கம்பி வேலி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. உள்ளே மெஷின் தெளித்த தண்ணீர் ஒரு பக்கம் குளம் கட்டி நின்றது. இன்னொரு பக்கம் காய்ந்து கிடந்தது. கேட்டில் பளபளவென்று புது போர்டு. ஆங்கிலம் சரியாக இருந்தது. மலாய் சரியாக இருந்தது. தமிழில் சுகுமாறன் இப்படி எழுதியிருந்தான்: ‘தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது.’

அவன் கைலியோடு சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். “என்னா டீச்சர் தப்பு? டு நாட் ஹேவ் டுன்னா கூடாதுதானே?”

“தலையெழுத்து! கூடாதுன்னா மஸ்ட் நாட். இது வேண்டியதில்லை. ரெண்டுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.”

“ரெண்டு எழுத்து மாறுனா இவ்ளோ கோவமா டீச்சர்?”

“கருப்பு மார்க்கர் எடுத்துக்கிட்டு வா.”

எடுத்து வந்தான். பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்ததைவிட அழுத்தி ‘கூடாது’வை அடித்தேன். ‘செய்ய’வுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘க்’ என்ற ஒற்றையும் அடித்தேன். மேலே ‘வேண்டியதில்லை’ என்று எழுதினேன். கம்பெனி போர்டில் கிறுக்கினேன் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

அக்கா மோட்டோரை விட்டு இறங்கி வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “அப்டின்னா என்னா டீச்சர்?”

“வந்தே ஆவணும்னு உங்களை யாரும் சொல்ல முடியாது. வரக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. வேணும்னா வரலாம்.”

“யாருக்கு வேணும்னா?”

“உங்களுக்கு வேணும்னாக்கா. வேற யாருக்கு?”

அக்கா என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், வேலிக்கு உள்ளே காய்ந்த பக்கத்தில் தலை தொங்கி நிற்கிற கன்றுகளைப் பார்த்தார். சுகுமாறன் சாவியைப் பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, “சொல்லுங்கக்கா. திறக்கவா, வேணாமா?” என்று சிரித்தான். ஒரு வருடமாகத் தன்னிடம் பேசாத அக்காவைப் பேச வைக்க அவனுக்கு அது நல்ல சமயம்.

அக்கா ஏதோ முனகினார். எனக்கே கேட்கவில்லை.

“என்னாக்கா?”

“எனக்கு வேணும்,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, யாராவது ‘விட்டுடு’ என்று சொல்லிவிடுவார்களோ என்பது போலச் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. ஜாம்பு தோட்டமே கேட்கிற மாதிரி மறுபடி கத்தினார். “எனக்கு வேணும்டா! தொறடா!”

சுகுமாறன் கேட்டைத் திறந்துவிட்டான்.